பிரேக் இல்லாத வண்டி

அத்தியாயம் 9

ஒன்பது நாளாக அந்த விண்ணப்பம் டிவி பெட்டிக்கு அடியில் கிடந்தது. நிரப்ப வேண்டியதையெல்லாம் மரகதம் நிரப்பிவிட்டாள். பெயர், வயது நாற்பத்தொன்று, ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எண். நீச்சல் தெரியுமா என்ற கேள்விக்கு, 'தெரியும், பிள்ளைப்பாக்கம் ஏரியில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு' என்று விளக்கமாகவே எழுதியிருந்தாள். ஒரே ஒரு கட்டம்தான் காலி. 'கணவர் அல்லது பாதுகாவலர் சம்மதக் கையெழுத்து.'

அவள் புருஷன் தசரதன் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பேனா எழுதவில்லை என்றான். கண்ணாடியைக் காணோம் என்றான். நைட் ஷிப்ட் முடியட்டும், நிதானமாகப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றான். ஒரு பக்கக் காகிதத்தை ஒன்பது நாள் படிக்கிற நிதானம் அவனுக்கு மட்டும்தான் வரும்.

கதையில் பாதியில் வந்து ஏறியவர்களுக்காக நாலு வரி. மரகதம் வேலை பார்ப்பது வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், ஃபைபர் படகு கட்டும் தொழிற்சாலையில், சரக்கைக் கம்பியில் தூக்கி நகர்த்துகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுநராக. குடும்பத்தோடு சுண்டல் தின்றபடி ஏரியில் மிதிக்கிற படகு அல்ல. கடலோர மீட்புக் குழுக்களும் ஆழ்கடலில் போட்டி ஓட்டுகிறவர்களும் வாங்கிப்போகிற படகு. இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் முந்நூறு குதிரைச் சக்தி. ஐம்பது நாட் வேகம், நம் கணக்கில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், அதுவும் அலைமேல்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு படகையும் கடலில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டுகிற பென்சன் அடுத்த மாதம் துபாய் போகிறான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியபோது தொழிற்சாலைக்குள்ளிருந்து எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் மரகதம் ஒருத்திதான் பெண். பத்து ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடலில் பயிற்சி. மற்ற ஏழு பேரும் வாந்தியெடுத்தே கழன்றுகொண்டார்கள். அவள் மட்டும் மிஞ்சினாள்.

வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், அவருக்குச் சனிக்கிழமையில் பயிற்சி என்று பென்சன் சொல்லியிருந்தான். யாரோ என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த யாரோ பக்கத்து வீட்டில் இருக்கும் தன் சொந்தக் கொழுந்தன் திருமலை என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. இன்று ஞாயிறு. இன்றைக்குத்தான் கடைசித் தேர்வு. தேறுகிறவர் ஒருவர்தான்.

திருமலை ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். புது மாடல் காரை வளைவிலும் பள்ளத்திலும் அடித்து ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. அந்த வம்சத்தில் கையெடுத்துக் கும்பிடாத குறையாக எல்லோரும் பேசுவது அவன் வேகத்தைப் பற்றித்தான். அப்படிப்பட்டவனுக்குப் படகு கம்பெனியில் என்ன வேலை என்று மரகதம் ராத்திரி யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

காலை ஐந்தே கால். கம்பெனி வேன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது திருமலை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, நான் கீறேன்னு தெரிஞ்சப்புறமும் போறீங்களா?"

"நீ கீறேன்னு தெரிஞ்சதாலதான் தம்பி சீக்கிரமா கிளம்பிட்டேன்."

அவனுக்கு முகம் சிறுத்தது. ஊரில் என்ன பேசுவார்கள், கொழுந்தனும் அண்ணியும் ஒரு வேலைக்கு முட்டிக்கொள்கிறார்கள் என்று சிரிக்கமாட்டார்களா என்று தொடங்கினான். அவள் பாட்டுக்கு அடுத்த ஷூவை எடுத்தாள். அது அவனை இன்னும் கிளப்பிவிட்டது.

"பத்து கிலோமீட்டர் வேகத்துல பலகை தூக்கி வைக்கிற கை அது. தொண்ணூறுல நிக்காது. நீங்க கடல்ல கவுந்தீங்கன்னா அவமானம் உங்களுக்கு இல்ல அண்ணி. எங்களுக்கு."

எங்களுக்கு. மரகதத்துக்கு மற்ற எதுவும் உறைக்கவில்லை, அந்த ஒரு சொல் உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம். இன்னும் அந்த 'எங்களுக்கு'க்குள் அவள் இல்லை. கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. கோபத்தோடு கட்டியதால் கயிறு மூன்று முடிச்சாக விழுந்தது.

தசரதன் உள்ளேயிருந்து மஞ்சள் பையோடு வந்தான். தம்பியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு பத்திரமாகப் பையைப் பார்த்தான். உள்ளே நாலு எலுமிச்சம்பழம்.

"ரெண்டு உனக்கு, ரெண்டு அவனுக்கு" என்றான். "புது வண்டி எடுத்தா டயருக்கு வெப்போம்ல."

"படகுக்கு டயர் ஏதுங்க?"

தசரதன் திருதிருவென்று விழித்தான். அவன் நல்ல மனுஷன். யார் பக்கமும் பேசாமல் எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் வாங்குகிற நல்ல மனுஷன். மரகதத்துக்குச் சிரிப்பும் வந்தது, அவனை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. டிவி பெட்டிக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை உருவினாள். கையெழுத்து இல்லாமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல், வேன் வந்ததும் ஏறிக்கொண்டான்.

திருமலை வேனில் வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். கறுப்பு பைக், டேங்கில் சிறுத்தைப் படம். அதைப் பார்த்ததும் மரகதத்துக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு மண்ணூர் டீக்கடை வாசலில் இதே மாதிரி ஒரு பைக் நின்றது. டியூட்டி நேரத்தில் அவன் எங்கே இங்கே, வேறு யாருடையதாகவாவது இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

தொழிற்சாலை முற்றத்தில் இரண்டு படகுகள் டிரெய்லர் மேல் தயாராக இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். படகுகளை வடிவமைக்கிற கார்முகில் மேடம் கையில் அட்டையோடு நின்றிருந்தாள். முப்பது வயதுதான். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, ஆனால் அவள் பேசும்போது கிரைண்டர் ஓட்டுகிறவன்கூட மெஷினை நிறுத்திவிடுவான்.

விதிமுறை எளிது. கடலுக்குள் ஒரு மைல் நேராக, நாற்பத்தைந்து நாட்டுக்குக் குறையாமல் போக வேண்டும். திரும்பி வரும்போது தண்ணீரில் மிதக்கும் மூன்று சிவப்புப் பீப்பாய்களைச் சுற்ற வேண்டும். கடைசியில் இடிக்காமல் துறையில் அணைக்க வேண்டும். ஆளுக்கு ஒரே வாய்ப்பு. பென்சன் பக்கத்து இருக்கையில் இருப்பான், ஆபத்து வந்தாலொழிய வாய் திறக்கமாட்டான்.

"எந்தப் படகை எடுக்கிறீங்கங்கிறதும் டெஸ்ட்தான்" என்றாள் கார்முகில். பெரிய கடலில் இந்தப் படகுக்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் ஸ்டியரிங், ஒருவர் வேகத்துக்கான லீவர் என்றும், அந்த இரண்டாவது ஆளைத் தேர்வில் ஜெயிக்கிறவரே பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி விஷயத்தை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

திருமலை இரண்டு படகையும் ஒரு சுற்று சுற்றிவந்தான். இரண்டிலும் இன்ஜின் ஒரே மாதிரிதானா என்று கேட்டான். எது எடை குறைவு என்று கேட்டான். சிவப்பு என்றார்கள். "அப்ப அதான்" என்றான். ஒரே மாதிரி இன்ஜின் என்றால் எடை குறைந்தது முந்தும். காருக்கு அது சரியான கணக்கு.

மரகதம் குனிந்து படகுகளுக்கு அடியில் போனாள். சிவப்பின் வயிறு தட்டை. சாம்பலின் வயிறு நடுவில் கூராக இறங்கி, அரிவாள்மணையைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி இருந்தது. அவளுக்கு இந்த இரண்டும் புதிதல்ல. ஷெட்டிலிருந்து முற்றத்துக்கு இரண்டையும் தூக்கிவந்தது அவளுடைய ஃபோர்க்லிஃப்ட்தான். நடுவில் கம்பியைக் கொடுத்துத் தூக்கினால் சிவப்பின் மூக்கு வானத்தைப் பார்க்கும், பாரம் மொத்தமும் பின்னால். சாம்பல் எங்கே தூக்கினாலும் மட்டமாக நிற்கும்.

"பென்சன், இன்னிக்கு அங்க காத்து எப்டி?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. பென்சன் கோவளத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கிழக்குக் காற்று, விடியலிலேயே ஏறிவிட்டது, குட்டிக் குட்டி அலையாக நெருக்கமாக அடிக்கிறது என்றான். சொல்லும்போது உதட்டோரம் லேசாகச் சிரிப்பு.

"அப்ப எனக்கு சாம்பல்."

அடுத்தது காகித வேலை. கார்முகில் அவளுடைய விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள், காலிக் கட்டத்தில் கண் நின்றது. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள் என்று தயக்கமாகச் சொன்னாள். வேனின் அருகே நின்ற தசரதன் சட்டென்று டயரில் ஏதோ ஆராய ஆரம்பித்தான்.

"மேடம், நாப்பத்தொரு வயசு எனக்கு. என் கையெழுத்து எனக்குப் போதும்" என்றாள் மரகதம். "அவருக்கு அவர் பொண்டாட்டி கையெழுத்து வாங்கினீங்களா?"

கார்முகில் மேஜைமேல் இருந்த திருமலையின் விண்ணப்பத்தைத் திருப்பி இவள் பக்கம் தள்ளினாள். அதே கட்டம், அதே காலி. ஆனால் அதை யாருமே கவனிக்கவில்லை, கேட்கவும் இல்லை. கார்முகில் தன் பேனாவை எடுத்து மரகதத்தின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தாள். திருமலையினுடையதிலும் அடித்தாள்.

அதற்குள் மரகதத்தின் கண் இன்னொரு கட்டத்தில் விழுந்துவிட்டது. 'தற்போதைய வேலை' என்ற இடத்தில் திருமலை எதுவும் எழுதவில்லை. சின்னதாக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தான். 'முந்தைய வேலை: டெஸ்ட் டிரைவர்.' விலகிய தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது.

மூன்று மாதம். தினம் காலை ஏழு மணிக்கு யூனிஃபார்ம் மாட்டி, பெண்டாட்டி நிலா கட்டிக்கொடுக்கிற டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறானே, அவன் எங்கே போகிறான்? மண்ணூர் டீக்கடை வாசலில் நின்ற சிறுத்தை இப்போது அவளை நேராகப் பார்த்தது.

வேன் வண்டலூர் வழியாகக் கோவளம் போனது. பைக்கைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டுத் திருமலை இப்போது முன்சீட்டில். பின்சீட்டில் தசரதன் மடியில் எலுமிச்சம்பழப் பையோடு தூங்கிக்கொண்டிருந்தான். மரகதம் கொழுந்தனின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் சட்டை காலர் இஸ்திரி போட்டு மொடமொடவென்று இருந்தது.

அவனுக்கு இந்த வேலை வேண்டும். அவளுக்கு ஃபோர்க்லிஃப்டாவது இருக்கிறது. விட்டுக்கொடுத்தால் என்ன?

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் ஒரு கேள்வி வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் அவளுக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ, அதே நாளில் திருமலைக்கும் இன்டர்வியூ, வயலில் அறுப்பு. யாராவது ஒருவர் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று வீட்டில் யாரும் கேட்கக்கூட இல்லை, அவளே நின்றாள். அந்த வயல் இப்போது தொழிற்பேட்டையின் லாரி நிறுத்தம். அன்றைக்கு நின்றவளுக்கு 'எங்களுக்கு'க்குள் இடம் கிடைத்ததா? இல்லை. இன்றைக்கு நின்றாலும் கிடைக்காது. அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை. அதற்காகத் தோற்றுக் காட்ட வேண்டும் என்று தோன்றாததும் உண்மை.

கோவளத்தில் டிரெய்லர்களைத் தண்ணீருக்குள் பின்பக்கமாக இறக்கும் நேரம் தசரதனுக்கு ஞானம் பிறந்தது. படகுக்குத்தான் டயர் இல்லை, டிரெய்லருக்கு இருக்கிறதே. ஓடிப்போய்ச் சாம்பல் படகின் டிரெய்லர் டயருக்கு அடியில் இரண்டு பழத்தை வைத்தான். சிவப்புக்கு வைக்கப் போனபோது திருமலை தடுத்துவிட்டான். அவன் புரொஃபஷனல், அவனுக்கு இதெல்லாம் வேண்டாம். மிச்ச இரண்டும் பைக்குள்ளேயே இருந்தன.

முதலில் திருமலை. அந்த ஒரு மைலை அவன் ஓட்டிய அழகைச் சொல்லியே ஆக வேண்டும். லீவரை அவன் கொஞ்சம்கூடத் தயங்காமல் தள்ளினான். சிவப்புப் படகு மூக்கைத் தூக்கி, அலைக்கு அலை தட்டித் தட்டிப் பறந்தது. ஐம்பத்திரண்டு நாட் என்று கார்முகில் கருவியைப் பார்த்துச் சொன்னாள்.  பத்து ஞாயிற்றுக்கிழமையில் அவள் முப்பதைத் தாண்டியதே இல்லை. முப்பது வந்தால் அவள் கை தானாகவே லீவரைப் பின்னுக்கு இழுத்துவிடும்.

பிறகு முதல் பீப்பாய் வந்தது.

காரில் வளைவு வந்தால் என்ன செய்வோம்? அழுத்திப் பிரேக் போட்டு, வண்டியை ஒடித்து, மறுபடி வேகமெடுப்போம். பதினெட்டு வருஷமாகத் திருமலையின் உடம்பில் ஊறிப்போனது அது. சனிக்கிழமைகளில் அமைதியான தண்ணீரில் அதை அடக்கி வைத்திருந்தான். இன்றைக்கு வேகத்தின் ருசியில் உடம்பு தன் பழைய புத்தியைக் காட்டிவிட்டது. லீவரை ஒரே இழுப்பில் பூஜ்யத்துக்கு இழுத்தான், அதே நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

படகுக்குப் பிரேக் கிடையாது. உந்துவிசை நின்றதும் மூக்கு தொப்பென்று தண்ணீரில் குத்தியது. பாரமான பின்பக்கம் வெளியே வீசியது. படகு தன்னையே ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நின்றது. அவன் கிளப்பிவிட்டு வந்த அலையே துரத்திவந்து பின்பக்கமாக ஏறி உள்ளே கொட்டியது. திருமலை இருக்கையைவிட்டுச் சரிந்தான். தொடையில் மாட்டியிருந்த சிவப்புச் சுருள் கயிறு இழுபட்டு, இன்ஜின் இரண்டும் அணைந்தன. ஓட்டுகிறவன் விழுந்தால் படகு நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கயிறு.

தசரதன் மஞ்சள் பையோடு தண்ணீர் ஓரத்துக்கு ஓடினான். பென்சன் ஸ்டியரிங்கை வாங்கி, தண்ணீரை இறைத்து, படகைக் கொண்டுவந்து சேர்க்கக் கால்மணி நேரம் ஆனது. திருமலை நொண்டிக்கொண்டு இறங்கினான். படகில் ஏதோ கோளாறு, ஸ்டியரிங் பிடிக்கவில்லை என்று யாரையும் பார்க்காமல் சொன்னான்.

பென்சன் ஈரச் சட்டையைப் பிழிந்தபடி மரகதத்தின் காதருகே மெதுவாகச் சொன்னான்: "இல்லாத பிரேக்கை மூணு தபா மிதிச்சாரு அக்கா. அதான் கணுக்கால் சுளுக்கிக்கிச்சு."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. சாம்பல் படகில் ஏறி, முதல் வேலையாகச் சிவப்புக் கயிற்றைத் தொடையில் மாட்டிக்கொண்டாள்.

பத்து, இருபது, முப்பது. முப்பதில் வழக்கம்போல் கை நின்றது.

கேளுங்கள், அவள் பயத்தால் மட்டும் நிற்கவில்லை. இப்படியே முப்பதில் ஓட்டிவிட்டுத் திரும்பினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. பாவம், பொம்பளை, பயந்துவிட்டாள் என்பார்கள். இருவரும் தேறவில்லை என்று கார்முகில் இன்னொரு நாள் குறிப்பாள். திருமலைக்கு இன்னொரு வாய்ப்பு. தோற்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், எப்போதும் செய்வதையே செய்தால் போதும்.

பென்சன் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது விதி. அவன் பார்வை கருவியின்மேல் இருந்தது.

எங்களுக்கு, என்றானே.

மரகதம் லீவரைத் தள்ளினாள். முப்பத்தைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். நாற்பது, நாற்பத்தாறு. காற்று முகத்தில் அறைந்தது. ஒரு அலையின் உச்சியில் படகு மொத்தமாகத் தண்ணீரைவிட்டு எழும்பியது, இன்ஜின்கள் வெறும் காற்றில் அலறின. தொழிற்சாலையில் ஃபைபர் ஒட்டுகிற லாமினேஷன் ஷெட் வாசலில் ஒரு வடிகால் மூடி உண்டு. பாரத்தோடு அதைத் தாண்டும்போது ஏறும் நேரம் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டு, இறங்கியதும் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு குதித்துவிடும். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவள் அதைத் தாண்டியிருக்கிறாள். அவளைக் கேட்காமலே கை அதைச் செய்தது. உச்சியில் துளி விட்டது, விழுந்ததும் பிடித்தது. சாம்பலின் கூரான வயிறு அலையை அறுத்துக்கொண்டு இறங்கியது.

நாற்பத்தெட்டு. அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

பீப்பாய்க்கு முன்னால் லீவரைப் பாதிக்கு மட்டும் இறக்கினாள். பட்டனை அழுத்தி இன்ஜின்களைச் சாய்க்க, மூக்கு பணிந்து தண்ணீரில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் திருப்பினாள். திருப்பும்போது அவள் முன்னால் பார்க்கவில்லை, தோளுக்கு மேல் பின்னால் பார்த்தாள். ஃபோர்க்லிஃப்டில் முன்சக்கரம் திரும்பாது, பின்சக்கரம்தான் திரும்பும். புதிதாக வருகிறவன் முன்னால் கம்பியையே பார்த்துக்கொண்டு, பின்பக்கத்தால் அடுக்கை இடிப்பான். படகும் அதே ஜாதி. மூக்கு பிழைத்துப்போகும், வால்தான் வீசும். வாலுக்கு இடம்விட்டு முதல் பீப்பாயைச் சுற்றினாள். இரண்டாவதையும் சுற்றினாள். மூன்றாவதில் குறுக்கே ஒரு அலை வந்து தள்ள, வால் பீப்பாயை ஒரு உரசு உரசியது. அவள் லீவரை விடவில்லை.

துறையில் அணைப்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. முட்டைத் தட்டைக் கீழே வைப்பதுபோல் வைத்தாள்.

கார்முகில் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். "ஃபோர்க்லிஃப்டுக்கு வேற ஆள் பாக்கணும் மரகதம்மா" என்றாள். "மூணாவது பீப்பாய்க்கு நீங்கதான் பெயின்ட் அடிச்சுத் தரணும்."

 தசரதன் மணலில் ஓடிவந்தான். ஒன்பது நாளாகக் காணாமல் போயிருந்த கண்ணாடி எப்படியோ மூக்கின்மேல் இருந்தது, கையில் பேனா.

"அந்த பேப்பரைக் குடு. போட்டுத் தர்றேன்."

"அந்தக் கட்டத்தை அடிச்சாச்சுங்க."

அவன் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கட்டத்தைத் திரும்ப வரைந்து கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை. "டயருக்குப் பழம் வெச்சீங்களே, அது போதும்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அவளுடைய ஈர ஷூவை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டான்.

திருமலை வேனில் ஏறவில்லை. பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவன் பைக் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே பைக்மேல் உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. ஷிப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. மரகதம் மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். சட்டைப்பையில் கார்முகிலிடம் கேட்டு வாங்கிவந்த புது விண்ணப்பம் ஒன்று இருந்தது.

"ஜெயிச்சதைச் சொல்ல வந்தீங்களா?"

"அது உனக்குத் தெரியும்" என்றாள். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மண்ணூர் டீக்கடையில ஒரு பைக்கைப் பாத்தேன் தம்பி. டேங்க்ல சிறுத்தை."

திருமலையின் கை தானாகவே அந்தப் படத்தை மூடியது.  பிறகு, அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். இல்லை என்றாள். நிலாவுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டதற்கு அவன் தலை மட்டும் அசைந்தது, இல்லை என்று.

"லீவர் புடிக்க ஆள் வேணும்" என்றாள் மரகதம். "அந்த ஒரு மைலை உன்ன மாதிரி ஒருத்தரும் ஓட்ட முடியாது. அதை நான் யார்கிட்ட வேணாலும் சொல்வேன். ஆனா ஸ்டியரிங் என் கையில. நான் குறைன்னா நீ குறைக்கணும். மொத்தமா இழுக்கக் கூடாது."

"பரிதாபப்பட்டு வேலை குடுக்கிறீங்களா அண்ணி?"

"பரிதாபம்னா முப்பதுலயே நிறுத்தியிருப்பேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். லீவரில் கை வைத்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறாள், பார்த்த பிறகும் தள்ளியிருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

மரகதம் புது விண்ணப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். இரண்டு எலுமிச்சம்பழத்தையும் பைக் டேங்கின்மேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வேன் வரும். வரும்போது அந்தக் கட்டத்துல நிலா கையெழுத்தோட வா."

"அந்தக் கட்டத்தைத்தான் மேடம் அடிச்சிட்டாங்களே."

"கம்பெனிக்கு வேணாம். எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறையில் தசரதன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக.  பக்கத்து வீட்டில் நொண்டுகிற கால் படியேறும் ஓசை கேட்டது. கதவு திறந்தது.

"இன்னா பேப்பர் அது?" நிலாவின் குரல். "இதுல என் கையெழுத்து எதுக்கு?"